ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!



தோட்டங்கள் கைமாறுகின்றன; பால்மரங்கள் சாய்கின்றன. மரம் நின்ற இடத்தில் செம்பனை வருகிறது. அல்லது வீடமைப்பு வருகிறது. பத்து காவானில் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று தொழிற்சாலைகள் எழுந்து நிற்பதை நாம் கண்ணாரக் காண்கிறோம். இப்படி ஒரு தோட்டம் மூடப்படும்போது தொழிலாளியின் கைக்கு ஒரு தொகை வருகிறது. 1980ஆம் ஆண்டு வேலைநீக்க நஷ்டஈட்டு விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் கூலி கொடுபட வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகள் பால் வெட்டியவருக்கு அது 500 நாள் கூலியாகும்.

விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு நின்று, தலைவிளக்கோடு நிரைக்குள் நடந்த கால் நூற்றாண்டின் உழைப்பு, ஒரே நாளில், ஒரே காசோலையாகக் கைக்கு வருகிறது. அது வாழ்நாளில் ஒரு முறை வரும் பணம். இன்னொரு முறை வராது. அந்தப் பணத்தை எங்கே போடுவது என்ற கேள்விக்குத் தெளிவான விடை சொல்வது தொழிற்சங்கப் பத்திரிகையின் கடமை என்று நாம் கருதுகிறோம்.

முன்பெல்லாம் இந்தக் கேள்வி எளிதாக இருந்தது. பணத்தை வங்கியில் போடு, அல்லது பெட்டியில் பூட்டு, அல்லது நகையாக்கு என்றார்கள். இன்று அப்படியல்ல. கையிலிருக்கும் தொலைபேசியே கல்லாப் பெட்டியாகிவிட்டது. ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடுகளில் குடியிருந்துகொண்டு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போய்வரும் நம் பிள்ளைகள், ஒரு பொத்தானை அழுத்திப் பணத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுகிறார்கள். “அப்பா, வங்கியில் கிடக்கும் பணத்துக்கு என்ன வட்டி? இதில் போட்டால் நாள்தோறும் காசு ஏறும்” என்கிறார்கள். பிள்ளைகள் சொல்வது பொய்யல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. விடுபட்ட பாதியைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

இரண்டும் வெண்மைதான்

ஜெலுத்தோங் என்ற பெயர் ஒரு மரத்தின் பெயர் என்பதை நம்மில் பலர் அறிவர். அந்த மரத்தைக் கீறினாலும் பால் வடியும். அந்தப் பால் மெல்லும் கோந்து செய்வதற்குப் போனது. நம் பால்மரத்தின் பால் டயர் செய்வதற்குப் போகிறது. மங்கில் இருக்கும்போது பார்த்தால் இரண்டும் வெண்மைதான். எது எந்த மரத்துப் பால் என்று தெரிந்துகொள்ள, வடிந்த மரத்தைப் பார்க்க வேண்டும்.

பணத்தின் கதையும் அதுவே. தொலைபேசித் திரையில் ‘5,000 வெள்ளி’ என்று தெரிகிறது. அது வங்கி வைப்பா, பணச்சந்தை நிதியின் யூனிட்டா என்று அந்த எண் சொல்லாது. எண் ஒன்றே, அதன் பின்னால் நிற்கும் உறவு வேறு.

வங்கியில் 5,000 வெள்ளி வைத்தால், வங்கி உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. அதற்கு லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் 5,000 வெள்ளியும் பேசிய வட்டியும் தர வேண்டியது அதன் பொறுப்பு. பணச்சந்தை நிதி என்பது அப்படியல்ல. பல பேருடைய பணத்தை ஒன்றாகத் திரட்டி, வங்கிகளின் தவணை வைப்பிலும், அரசாங்க உண்டியல்களிலும், கம்பெனிகளின் குறுகிய காலக் கடன் பத்திரங்களிலும் போட்டு வைக்கும் யூனிட் டிரஸ்ட் அது. அதில் நீங்கள் கடன் கொடுத்தவர் அல்லர், பங்காளி. லாபம் வந்தால் பங்கு உண்டு. நஷ்டம் வந்தாலும் பங்கு உண்டு. “உன் 5,000 வெள்ளியை முழுதாகத் தருகிறேன்” என்று அங்கே யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

வாக்குக்கு யார் ஜாமீன்?

“வங்கி வாக்குக் கொடுக்கிறது, சரி. வங்கியே விழுந்துவிட்டால்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தக் கேள்வியை வரலாறு பலமுறை கேட்டிருக்கிறது. விடையில்லாமல் ஏழைகள் தவித்திருக்கிறார்கள்.

1906ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. வெள்ளைக்காரர் கம்பெனி, பெரிய பெயர், அசையாத நம்பிக்கை, ஆனாலும் முறிந்தது. தென்னாட்டு மக்கள் நம்பிப் போட்ட வைப்புப் பணம் அதில் சிக்கிக்கொண்டது. அந்த அடியின் விளைவாகவே அடுத்த ஆண்டு, 1907இல், இந்தியன் வங்கி பிறந்தது. 1960இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. அதன் பிறகுதான் இந்தியாவில் வைப்புத்தொகைக் காப்புறுதிக்குச் சட்டம் வந்து, 1962 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று அங்கே ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்ச ரூபாய் வரை காப்பு உண்டு. 2020க்கு முன் அது ஒரு லட்சமாகவே இருந்தது.

நம் நாட்டுப் பாடமும் கசப்பானதே. 1986ஆம் ஆண்டு, மக்களிடம் வைப்புப் பணம் வாங்கிவந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகளை அரசாங்கம் முடக்க நேர்ந்தது. 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சுமார் 150 கோடி வெள்ளி அவற்றில் இருந்தது. சிறு வியாபாரிகளும், கூலி வேலை செய்வோரும், ஓய்வுபெற்றோரும் மூடிய கதவுகளின் முன் நின்றார்கள். அரசாங்கம் தலையிட்டு மீட்புத் திட்டம் வகுத்தது. ஆயினும் பணம் கேட்ட நாளில் கிடைக்கவில்லை. பலருக்குத் தவணை தவணையாகவே வந்தது. சிலருக்கு ஒரு பகுதி பணமாக அல்லாமல் பங்காகவே வந்தது. நோயாளிக்கு மருந்து வாங்க வேண்டியவன் பங்குப் பத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகே 2005இல் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம், அதாவது பி.ஐ.டி.எம்., ஏற்பட்டது. முதலில் 60,000 வெள்ளி வரை காப்பு இருந்தது. 2008ஆம் ஆண்டு உலகப் பண நெருக்கடியின்போது அரசாங்கம் வைப்புகள் அனைத்துக்கும் முழுப் பொறுப்பேற்றது. அந்தத் தற்காலிக ஏற்பாடு 2010 இறுதியில் முடிந்தபோது, காப்பு வரம்பு 250,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது.

இதன் விதிகளைத் தோட்டந்தோறும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். காப்பு ஓர் ஆளுக்கு, ஓர் உறுப்பு வங்கிக்கு 250,000 வெள்ளி. அசலும் வட்டியும் சேர்த்தே இந்தக் கணக்கு. ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் போட்டால் இரண்டு காப்பு என்று எண்ணலாகாது. கிளைகள் எல்லாம் சேர்ந்து ஒரே வங்கிதான். வேறு வங்கியில் போட்டால் அதற்குத் தனிக் காப்பு. இஸ்லாமிய முறைக் கணக்குக்கும் சாதாரணக் கணக்குக்கும் தனித்தனிக் காப்பு. இதற்கு வைப்பாளர் மனுப் போட வேண்டியதில்லை. ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. சந்தாவை வங்கிகள் கட்டுகின்றன. சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு, தவணை வைப்பு ஆகியவை காப்புக்குள் வரும்.

யூனிட் டிரஸ்ட் வராது. பங்கு வராது. தங்க முதலீட்டுக் கணக்கு வராது. பணச்சந்தை நிதியும் வராது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, கவனிக்க வேண்டும். வங்கியின் வாசலில் பி.ஐ.டி.எம். சின்னம் இருக்கும். அந்த வாசலுக்குள்ளேயே, அதே மேசையில், யூனிட் டிரஸ்டும் விற்கப்படும். வாசலில் உள்ள சின்னம் மேசையில் உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தாது. வங்கிக்குள் போட்ட பணமெல்லாம் வைப்புப் பணம் என்று நம்பிக் கையெழுத்துப் போடுவது பெருந்தவறு.

ஒரு மங்குப் பால் புளித்தால்

பணச்சந்தை நிதி மோசடியா என்றால், இல்லை. நேர்மையாகப் பேச வேண்டும். முறைப்படி நடத்தப்படும் நிதிகள் பங்குப் பத்திர ஆணையத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. நிதியின் சொத்து, அதை நடத்தும் கம்பெனியின் சொத்தோடு கலக்காமல், தனியாக டிரஸ்டியிடம் இருக்கிறது. கம்பெனி நொடித்தாலும் யூனிட்தாரர் சொத்து அதன் கடன்காரர்களுக்குப் போகாது. இந்த நிதிகள் பெரும்பாலும் அசையாமலே நிற்கின்றன. பெரும்பாலும் நிற்கும் என்பது ஒன்று. நிற்கும் என்று ஒருவர் பொறுப்பேற்பது வேறு.

2008ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரும் பண நிறுவனம் திவாலாயிற்று. மறுநாள், ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற பணச்சந்தை நிதியின் ஒரு டாலர் யூனிட் 97 சென்ட்டாக விழுந்தது. சாதாரண நிதியல்ல அது. 6,000 கோடி டாலருக்கும் மேல் சொத்துள்ளது. லேமன் நிறுவனத்துக்கு அது கொடுத்திருந்த கடனோ 78 கோடி டாலர் அளவே. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றே மேல். அந்தச் சிறு பகுதி கெட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். நிதி கதவைச் சாத்திக்கொண்டது. பயம் மற்ற நிதிகளுக்கும் பரவவே, சில நாட்களில் அமெரிக்க அரசாங்கமே தலையிட்டு ஜாமீன் நிற்க வேண்டியதாயிற்று. இறுதியில் முதல் போட்டவர்களுக்கு டாலருக்கு 99 சென்ட்டுக்கு மேல் கிடைத்தது. ஆனால் காத்திருந்துதான் கிடைத்தது.

பால் வெட்டுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு மங்குப் பால் புளித்துப்போய் அதைப் பார்க்காமல் வாளியில் ஊற்றினால், வாளிப்பால் முழுவதும் திரியத் தொடங்கும். நிதிக்குள் நடப்பதும் அதுவே.

நமக்கு நெருங்கிய இடத்திலும் ஒரு சான்று உண்டு. 2020 ஏப்ரல் 23ஆம் நாள், கொரோனா முடக்க காலத்தில், இந்தியாவில் பிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தன் ஆறு கடன் பத்திர நிதிகளை மூடுவதாக அறிவித்தது. அவற்றில் ஒன்றின் பெயரிலேயே ‘மிகக் குறுகிய காலம்’ என்று இருந்தது. இவை பணச்சந்தை நிதியைவிடச் சற்றுத் துணிந்து, சற்றுக் கூடுதல் வட்டிக்குக் கடன் கொடுத்தவை. சுமார் 25,000 கோடி ரூபாய் ஒரே நாளில் அசையாமல் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2021 பிப்ரவரி முதல்தான் பணம் பகுதி பகுதியாகத் திரும்பத் தொடங்கியது. பணம் பிறகு வந்தது உண்மையே. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்தவனுக்கு, கல்யாணத்துக்குப் பின் வரும் பணத்தால் என்ன பயன்?

கூட்டிக் கழித்துப் பாருங்கள்

இனிக் கணக்குக்கு வருவோம். கிராணிமார் தாளை எடுத்துக் கூட்டிப் பார்க்கட்டும். நஷ்டஈட்டுப் பணம் 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வங்கித் தவணை வைப்பைவிட நிதி நூற்றுக்கு ஒரு வெள்ளி கூடத் தருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 200 வெள்ளி லாபம். மாதம் 17 வெள்ளிகூட இல்லை. அமெரிக்காவில் நடந்ததுபோல் வெள்ளிக்கு 3 சென் விழுந்தால் நஷ்டம் 600 வெள்ளி. மூன்று ஆண்டு கூடுதல் லாபம் ஒரே நாளில் போயிற்று.

லட்சக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம். 250,000 வெள்ளி வரம்பைத் தாண்டியவன் அதற்கு மேற்பட்டதை எங்கே வைப்பது என்று யோசிப்பான். பெருங் கம்பெனிகள் பணச்சந்தை நிதிகளை நாடுவதற்கு ஒரு காரணம் அதுதான். தோட்டத் தொழிலாளிக்கு அந்தக் கவலை இல்லை. அவனுடைய ஆயுட்கால சேமிப்பு முழுவதும் ஒரே வங்கியின் காப்புக்குள் அடங்கிவிடும். பணக்காரனுக்குக் கிடைக்காத முழுக் காப்பு ஏழைக்குக் கிடைக்கும் அபூர்வமான இடம் இது. அதைச் சில காசுகளுக்காகக் கைவிடுவானேன்?

எது எந்த மரம்?

நாம் அன்றாடம் கையாளும் மற்றவற்றையும் பார்த்துவிடுவோம்.

ஊழியர் சேமநிதி வங்கி வைப்பல்ல. அதற்குத் தனிச் சட்டம் உண்டு. அதன் சாதாரணச் சேமிப்புக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 2.50க்குக் குறையாத லாப ஈவு தரவேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. 55 வயதானதும் அதிலிருந்து அவசரமாக எல்லாவற்றையும் எடுத்து, தெரியாத இடத்தில் போடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பேங்க் சிம்பானான் நேஷனல், 1974இல் அஞ்சல் சேமிப்பு வங்கியின் இடத்தில் எழுந்த அரசாங்க வங்கி. அது தனிச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது, பி.ஐ.டி.எம். உறுப்பினர் அல்ல. இரண்டும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அமானா சஹாம் மலேசியா யூனிட்டின் விலை ஒரு வெள்ளியாகவே நிலைத்திருக்கிறது. ஆயினும் அது யூனிட் டிரஸ்ட், பி.ஐ.டி.எம். காப்பு அதற்குக் கிடையாது.

தொலைபேசி மின்பணப்பையில் உள்ள பணம் வங்கி வைப்பல்ல. அந்தப் பணப்பைக்குள்ளேயே முதலீட்டுப் பகுதியும் இருக்கும். டச் அண்ட் கோ பணப்பையில் 2021இல் வந்த ‘கோ பிளஸ்’ அப்படிப்பட்டது. அதில் போடும் பணம் பணச்சந்தை நிதிக்குப் போகிறது. ஆனால் தொலைபேசியில் மட்டும் இயங்கும் டிஜிட்டல் வங்கி, பி.ஐ.டி.எம். உறுப்பினரானால், அதன் வைப்புக்குக் காப்பு உண்டு. தொலைபேசி ஒன்றேயானாலும் மரம் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கூட்டு பிடிக்கும் வழக்கம் நம் மக்களிடம் இன்னும் போகவில்லை. நம் தமிழ்ச் சொல்லையே தலைப்பில் கொண்டு, 1971இல் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. கூட்டு எடுத்தவர் ஓடிப்போனால், சட்டம் தடுத்த காரியத்துக்காக எந்தக் கதவைத் தட்டுவது?

கூட்டுறவுச் சங்கத்தில் போடும் பங்குப் பணமும் பி.ஐ.டி.எம். காப்புக்குள் வராது. காப்பு இல்லாதது என்பதற்காக அது வேண்டாதது என்று பொருளல்ல. தோட்டத் துண்டாடலை எதிர்த்து, 1960இல் துன் சம்பந்தனார் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. தொழிலாளி பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணம் தோட்டங்களையே வாங்கியது. அது துணிந்து போட்ட பணம்; எதற்காகப் போடுகிறோம் என்று தெரிந்து போட்ட பணம். துணிவது தவறல்ல. துணிகிறோம் என்று தெரியாமல் துணிவதே தவறு.

செய்ய வேண்டியது என்ன?

ஆகவே நாம் கூறுவது இதுதான். திடீர்ச் செலவுக்கான பணம், பிள்ளை படிப்புக்கான பணம், வேலை போனால் ஆறு மாதம் அடுப்பு எரிய வேண்டிய பணம் ஆகியவற்றைக் காப்புள்ள வங்கிக் கணக்கில் வையுங்கள். அதற்கு மேல் மிச்சமிருந்து, சில காலம் கைக்கு வராவிட்டாலும் தாங்க முடியுமானால், நிதியில் ஒரு பகுதி போடுவதை நாம் தடுக்கவில்லை.

போடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது வைப்பா, யூனிட்டா? பி.ஐ.டி.எம். காப்பு உண்டா, இல்லையா? கேட்ட நாளில் முழுப் பணமும் தருவதாக எழுத்தில் உள்ளதா? விடையைக் காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். “ஒன்றும் ஆகாது, நம்புங்கள்” என்பது விடையாகாது. அப்படிச் சொல்கிறவரிடம் அன்று கையெழுத்துப் போடாமல் திரும்பி வாருங்கள். பெயர் தெரியாத நிறுவனமானால், பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியல்களைப் பிள்ளைகளைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

கிராணிமாருக்கு ஒரு வேண்டுகோள். நஷ்டஈட்டுக் காசோலை வரும் நாளில் தொழிலாளி முதலில் கேட்பது உங்களைத்தான். படிக்கத் தெரிந்த உங்கள் கண்ணை அவருக்குக் கொஞ்ச நேரம் கடன் கொடுங்கள். கிளைச் செயலாளர்கள் மாதக் கூட்டத்தில் இந்த விதிகளை ஒரு முறையாவது வாசித்துக் காட்ட வேண்டும்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘இதற்கு வைப்புக் காப்புறுதி இல்லை’ என்ற ஒரு வரியைப் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டுவிட்டால் கடமை தீர்ந்துவிடாது. தமிழ்த் தொழிலாளியிடம் பணம் வாங்குகிறவர்கள், அந்த வரியைத் தமிழில், பெரிய எழுத்தில், கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலேயே அச்சிட வேண்டும். இது சலுகை கேட்பதல்ல, உரிமை கேட்பது.

மரத்தின் பட்டையை எத்தனை ஆழம் வெட்டலாம், எங்கே கத்தியை நிறுத்த வேண்டும் என்று இருட்டிலேயே அறிந்தவர்கள் நாம். ஒரு மயிரிழை ஆழம் கூடினால் மரம் காயப்படும் என்று கைக்குத் தெரியும். அந்தக் கைக்கு வந்த பணத்தையும் அதே நிதானத்தோடு போடுவோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் முன்னோர்கள். அளந்து போடுங்கள், தோழர்களே! கேட்டுப் போடுங்கள்!